சோயா கப்பல், ஒடாய்பா: ஏறிப் பார்ப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

டோக்கியோவின் ஒடாய்பா கரையில் ஆரஞ்சு நிறத்தில் கட்டிப்போட்டிருக்கும் சோயாவை, சுற்றுலாக் கையேடுகள் 'அண்டார்டிகா கப்பல்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுகின்றன. அது தவறான தகவல் இல்லை, ஆனால் கதையில் பாதிகூட அதில் இல்லை. அண்டார்டிகாவுக்குப் போவதற்கு முன் இது ஜப்பானிய ஏகாதிபத்தியக் கடற்படையின் துணைக் கப்பல். 1940 முதல் 1945 வரை பசிபிக்கில் சரக்கு சுமந்தது, கடலாழம் அளந்து வரைபடம் தயாரிக்க உதவியது, குண்டுவீச்சையும், நீருக்கடியில் பாய்ந்து வரும் டார்பிடோ குண்டையும் தாண்டி வந்தது. அந்தக் கடற்படையின் சொந்தக் கப்பலாக இருந்து, இன்றும் தண்ணீரில் மிதந்தபடி பொதுமக்கள் ஏறிப் பார்க்கும்படி இருப்பது இது ஒன்றுதான். யோகொசுகாவில் உள்ள மிகாசா போர்க்கப்பல் இதைவிடப் பழையது, புகழிலும் பெரியது. ஆனால் அது தரையில் கான்கிரீட்டுக்குள் பதிந்து நிற்கிறது.

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். கப்பல், கடல் வரலாறு, இயந்திரம் என்று ஏதாவது ஒன்றில் ஆர்வம் இருப்பவர் கட்டாயம் போக வேண்டிய இடம். 5க்கு 4 தரலாம். அந்த ஒரு புள்ளியை ஏன் பிடித்து வைக்கிறோம் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

போவது எப்படி, எவ்வளவு நேரம் ஆகும்

ஷிம்பாஷியிலிருந்து ஓட்டுநர் இல்லாத யூரிகாமோமே ரயிலில் ஏறினால், ரெயின்போ பாலத்தைத் தாண்டி, 'டோக்கியோ சர்வதேசக் குரூஸ் முனையம்' நிலையத்தில் இறங்க வேண்டும். 2019 வரை இதே நிலையத்துக்கு 'ஃபுனே நோ ககாகுகான்' என்று பெயர். அதாவது இந்தக் கப்பலைப் பராமரிக்கும் கடல்சார் அறிவியல் அருங்காட்சியகத்தின் பெயர். பழைய பயணக் கட்டுரைகளை வைத்துக்கொண்டு போகிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். ரின்காய் பாதையில் வந்தால் டோக்கியோ டெலிபோர்ட் நிலையத்தில் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும்.

பழைய கட்டுரைகளால் வரும் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. பயணிகள் கப்பல் வடிவில் கட்டப்பட்ட அருங்காட்சியகத்தின் பெரிய வெள்ளைக் கட்டடம் 2011 செப்டம்பரோடு மூடப்பட்டுவிட்டது. பக்கத்தில் நின்ற யோதெய் மாரு என்ற பழைய ரயில் படகும் அங்கே இல்லை. வாசலில் கிடந்த முட்ஸு போர்க்கப்பலின் பெரிய பீரங்கிக்குழாய் 2016ல் யோகொசுகாவின் வெர்னி பூங்காவுக்குப் போய்விட்டது. ஆகவே ஒரு முழுநாள் அருங்காட்சியகம் என்ற எண்ணத்தோடு போக வேண்டாம். இங்கே பார்க்கப் போவது சோயாவை. அதுவும் 2017 முதல் பழைய இடத்தில் இல்லாமல் புதிய துறையில் நிற்கிறது.

கப்பலுக்குக் கட்டணச்சீட்டு கிடையாது, பராமரிப்புக்கு நன்கொடை கேட்கிறார்கள். திங்கட்கிழமை விடுமுறை. பலத்த காற்று, புயல் என்றால் மற்ற நாள்களிலும் கப்பலில் ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள். மிதக்கும் கப்பல் என்பதால் காற்றில் ஏணிப்பாலம் ஆடும், அதுதான் காரணம். செப்டம்பர், அக்டோபர் புயல் பருவத்தில் போகிறவர்கள் அன்று காலையிலேயே அருங்காட்சியக இணையதளத்தைப் பார்த்து, திறப்பு நேரத்தை உறுதி செய்துகொண்டு கிளம்புவது நல்லது.

வேகமாக நடந்தால் 30 நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். ஒழுங்காகப் பார்க்க 90 நிமிடம் வேண்டும். உள்ளே ஏணிகள் செங்குத்தானவை. கதவுகளுக்குக் கீழே முழங்காலை இடிக்கும் உயரத்தில் இரும்பு நிலை இருக்கும், தலைக்கு மேலே குழாய்கள் ஓடும். உயரமானவர்கள் குனிந்தே நடக்க வேண்டும். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ உள்ளே போக வழியில்லை. முதுகுப்பையோடு குறுகிய நடைவழியில் நுழைந்தால் எதிரே வருபவருக்கு வழிவிட முடியாது. பெரிய பெட்டிகளை நிலைய லாக்கரில் வைத்துவிட்டுப் போவது எல்லோருக்கும் நிம்மதி. ரப்பர் அடியுள்ள செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். மழை நாளில் இரும்புத் தளம் வழுக்கும். ஆகஸ்டில் உள்ளே வெக்கை தாங்காது, எஃகு ஓடு வெயிலை அப்படியே உள்ளே இறக்கிவிடும்.

ஏறுவதற்கு முன் கரையில் நின்று பாருங்கள்

பெரும்பாலானோர் நேராக ஏணிப்பாலத்துக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் பத்து நிமிடம் கரையில் நின்றால், இந்தக் கப்பலின் மூன்று காலங்களையும் வெளியிலிருந்தே படித்துவிடலாம்.

கப்பலின் மூல உடல் 1938ஐச் சேர்ந்தது. நாகசாகி அருகே கோயாகித் தீவில் இருந்த கவானமி நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளத்தில், சோவியத் ஒன்றியத்துக்காகக் கட்டப்பட்ட மூன்று சரக்குக் கப்பல்களில் இது ஒன்று. பெயர் வோலோச்சயெவெத்ஸ். வடக்குப் பனிக்கடலில் ஓட வேண்டும் என்பதால் பனியைத் தாங்கும் உடல் கேட்டிருந்தார்கள். அன்றைக்குச் சரக்குக் கப்பல்களில் அரிதாக இருந்த ஒலிவழி ஆழமானியும் பொருத்தச் சொல்லியிருந்தார்கள். 1938 பிப்ரவரியில் தண்ணீரில் இறங்கியது. ஆனால் இரு நாடுகளுக்கும் உறவு கெட்டுப்போனதில் கப்பல்கள் ரஷ்யாவுக்குப் போகவே இல்லை. இது சிரியோ மாரு என்ற பெயரில் ஜப்பானிய வணிகக் கப்பலாக ஓடத் தொடங்கியது. உடன்பிறந்த மற்ற இரண்டும் பின்னாளில் போரில் மூழ்கிவிட்டன.

அடுத்து, தண்ணீர்மட்டத்துக்கு அருகே இரு பக்கமும் உடல் புடைத்திருப்பதைக் கவனியுங்கள். அது பிறவி வடிவம் இல்லை. 1956ல் யோகோஹாமாவின் அசானோ டாக்கில் அண்டார்டிகாவுக்காக ஒட்டவைத்த புடைப்பு அது. எடை கூடினாலும் கப்பல் கவிழாமல் இருக்கவும், எரிபொருளுக்கு இடம் கிடைக்கவும், பனி நெருக்கும்போது உள் ஓட்டைக் காக்கவும் அது தேவைப்பட்டது. இந்த மாற்றங்களை வடிவமைத்தவர் மாகினோ ஷிகேரு. யாமாதோ போர்க்கப்பலின் வடிவமைப்பில் பங்கெடுத்த அதே பொறியாளர். உலகத்திலேயே பெரிய போர்க்கப்பலில் வேலை செய்த கை, 83 மீட்டர் நீளமுள்ள பழைய சரக்குக் கப்பலை ஏழெட்டு மாதத்துக்குள் பனியுடைப்பானாக்க உட்கார்ந்தது.

பின்பக்கம் அகலமாகத் தெரியும் ஹெலிகாப்டர் தளம் மூன்றாவது பயணத்துக்கு முன் சேர்ந்தது. அதை ஏன் போட நேர்ந்தது என்பது பின்னால் வருகிறது. நிறமும் பேசும். கடற்படையில் சாம்பல், கடலோரக் காவலில் வெள்ளை, அண்டார்டிகாவுக்காக ஆரஞ்சு. வெள்ளைப் பனியில் ஹெலிகாப்டரிலிருந்து கண்ணில் படும் நிறம் அது. ஓய்வுபெற்று அருங்காட்சியகமானபோது இதையே மறுபடி பூசினார்கள்.

உள்ளே: எதில் நிற்க வேண்டும், எதைக் கடந்து போகலாம்

பார்வையாளர் வழி அம்புக்குறிகளோடு ஒரே திசையில் போகிறது, திரும்பி வருவது சிரமம். ஆகவே எங்கே நிற்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாலுமிகளின் படுக்கை அறைகளில் நில்லுங்கள். ஒருவர் திரும்பினால் மற்றவர் நகர வேண்டும், அவ்வளவுதான் இடம். முதல் அண்டார்டிகா பயணத்தில் இந்தக் கப்பலில் போனவர்கள் 130 பேர்: மாலுமிகள் 77, ஆய்வுக்குழுவினர் 53. கூடவே இழுவை நாய்கள், தாகேஷி என்ற ஆண் பூனை ஒன்றும். படுக்கையின் ஓரத்தில் இருக்கும் தடுப்புப் பலகையைப் பாருங்கள். பனியில் ஓடும் கப்பலுக்கு அடிவயிற்றின் பக்கத்தில் பில்ஜ் கீல் என்ற துடுப்புகள் வைக்க முடியாது, பனிக்கட்டி அவற்றைப் பிய்த்துவிடும். அவை இல்லாத உருண்டை வயிறு, திறந்த கடலில் பக்கவாட்டில் பயங்கரமாக உருளும். தென்கடலைக் கடந்த வாரங்களில் தூங்குகிறவரைக் கீழே விழாமல் பிடித்தது அந்தப் பலகைதான்.

என்ஜின் அறைக்குள் இறங்க விடமாட்டார்கள், மேலிருந்துதான் பார்க்கலாம். அங்கே அவசரப்படாதீர்கள். 1938ல் பொருத்தியது ஒரே ஒரு நீராவி என்ஜின், ஒரே ப்ரொப்பெல்லர், வேகம் சுமார் 12 நாட் (மணிக்கு 22 கி.மீ.). போர் முழுவதும் இந்தக் கப்பல் அந்த வேகத்தில்தான் ஓடியது. கீழே இப்போது தெரிவது 1956ல் போட்ட இரண்டு டீசல் என்ஜின்கள். ஒவ்வொன்றும் 2,400 குதிரைத்திறன், இரண்டும் தனித்தனி ப்ரொப்பெல்லரைச் சுற்றுபவை. மொத்தம் 4,800. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே ஏறினால் பிரிட்ஜ், அதாவது கப்பலை ஓட்டும் அறை. சக்கரம், என்ஜின் அறைக்கு உத்தரவு அனுப்பும் டெலிகிராஃப், திசைகாட்டி எல்லாம் இருக்கின்றன. குழந்தைகள் கூட்டம் இங்கேதான் நிற்கும். ஆனால் நல்ல பொருள் அதன் அருகே உள்ள வரைபட மேசை. கடற்படை இந்தக் கப்பலை வாங்கியதற்கான காரணமே வரைபடம்தான். கேப்டன் அறை, அதிகாரிகளின் உணவறை, மருத்துவ அறை ஆகியவற்றைக் கொஞ்சம் வேகமாகக் கடக்கலாம். இவற்றைவிட நல்ல உதாரணம் யோகோஹாமாவின் ஹிகாவா மாருவில் இருக்கிறது. 1930ல் கட்டிய அந்தப் பயணிகள் கப்பல், போரில் கடற்படையின் மருத்துவமனைக் கப்பலாக ஓடியது. அதன் அலங்கார அறைகளைப் பார்த்த கண்ணுக்கு சோயாவின் அறைகள் எளிமையாகத்தான் தெரியும். இது வேலைக்காரக் கப்பல்.

கப்பலுக்குள் குறைவாகச் சொல்லப்படும் ஆண்டுகள்

அந்த ஒரு புள்ளியை இங்கேதான் குறைக்கிறோம். காட்சிப்பொருள்களில் பெரும்பங்கு அண்டார்டிகாவுக்குத்தான். கடற்படை ஆண்டுகளுக்கு இடம் குறைவு, ஆங்கில விளக்கம் இன்னும் குறைவு. ஆகவே இதைத் தெரிந்துகொண்டு ஏறினால்தான் கப்பல் முழுமையாகப் புரியும்.

1939ல் கடற்படை சிரியோ மாருவை வாங்கியது. 1940 பிப்ரவரி 20 அன்று சோயா என்ற பெயரில் சிறப்புப்பணிக் கப்பலாகப் பட்டியலில் சேர்த்தது. ஹொக்காய்டோவுக்கும் சகாலினுக்கும் நடுவில் இருக்கும் நீரிணையின் பெயர் அது. ஜப்பானியக் கடற்படையில் அந்தப் பெயரை முதலில் தாங்கியதும் ரஷ்யாவோடு தொடர்புள்ள கப்பல்தான்: 1904-05 போரில் பிடிபட்ட வர்யாக் என்ற போர்க்கப்பல். அதை 1916ல் ரஷ்யாவுக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

போர்க்கப்பல்கள் ஏராளமாக வைத்திருந்த கடற்படைக்கு 12 நாட் சரக்குக் கப்பல் எதற்கு? தென்பசிபிக் தீவுகளில் தளம் அமைக்க வேண்டுமானால் முதலில் அங்குள்ள பவளத்திட்டுகளின் ஆழம் தெரிய வேண்டும். பெரும்பாலான வாய்க்கால்களுக்குச் சரியான வரைபடமே கிடையாது. உறுதியான உடல், பெரிய சரக்கறை, ஆழமானி மூன்றும் ஒரே கப்பலில் இருந்தது சோயாவில்தான். ஒரு பயணத்திலேயே சிமெண்டும் அரிசியும் இறக்கி, திரும்பும் வழியில் கடலடியையும் அளந்துவிடலாம். எதிலும் உயர்ந்த கப்பல் இல்லை. கேட்ட வேலையைச் செய்யக்கூடிய கப்பல்.

1942 ஜூனில், அமெரிக்கர்களிடமிருந்து மிட்வே தீவைப் பிடிக்கும் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டதும் அதற்காகத்தான்: தீவைப் பிடித்ததும் சுற்றுக்கடலை அளக்க. தீவு பிடிபடவில்லை, அளக்கும் வேலையும் வரவில்லை. அடுத்து, தென்பசிபிக்கில் ஜப்பானின் பெரிய தளமான ரபாவுல். 1942 ஆகஸ்டில் அமெரிக்கர்கள் சாலமன் தீவுகளின் குவாடல்கனாலிலும் துலாகியிலும் இறங்கியதும் அவசரமாகப் படை ஏற்றி அனுப்பிய சிறு அணியில் சோயா இருந்தது, மேயோ மாரு என்ற கப்பலும் இருந்தது. ஆகஸ்ட் 8 அன்று எஸ்-38 என்ற அமெரிக்க நீர்மூழ்கி மேயோ மாருவை மூழ்கடித்தது. சோயா ரபாவுலுக்கே திரும்பியது.

1943 ஜனவரியில் சாலமன் தீவுக்கூட்டத்தின் புகா தீவின் பக்கத்தில் ஒரு அமெரிக்க நீர்மூழ்கி சோயாவைக் குறிவைத்தது. டார்பிடோ கப்பலின் பக்கத்தில் வந்து மோதியது, வெடிக்கவில்லை. ஜப்பானில் சோயாவை 'அதிர்ஷ்டக் கப்பல்' என்று சொல்வது பெரும்பாலும் இந்தச் சம்பவத்தை வைத்துத்தான். அதிர்ஷ்டம் உண்டு, அதற்கு மேல் பொறியியல் காரணமும் உண்டு. அந்தக் காலத்து அமெரிக்க மார்க் 14 டார்பிடோவில் மூன்று கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அமைத்த ஆழத்தைவிடக் கீழே ஓடும். காந்த வெடிப்பான் இலக்குக்கு முன்னாலேயே வெடித்துவிடும், அல்லது வெடிக்கவே வெடிக்காது. நேராகச் செங்குத்தாக மோதினால், அடிக்கும் ஊசி அந்த அதிர்ச்சியில் வழித்தடத்தில் உராய்ந்து சிக்கிக்கொள்ளும். அதாவது மாலுமி எவ்வளவு நன்றாகக் குறிவைத்தாரோ அந்த அளவுக்கு வெடிக்காத வாய்ப்பு அதிகம். மூன்றும் முழுவதுமாகச் சரியானது 1943 பிற்பகுதியில்தான். சோயா ஓராண்டு கழித்து அடிபட்டிருந்தால் ஒடாய்பாவில் ஏறிப் பார்க்க இன்று எதுவும் இருந்திருக்காது.

1944 பிப்ரவரி 17, 18 தேதிகளில் மத்திய பசிபிக்கில் ஜப்பானின் ட்ரக் தீவுத்தளத்தின் மீது அமெரிக்க விமானங்கள் அலை அலையாக வந்தன. அங்கே 40க்கும் மேற்பட்ட கப்பல்கள் மூழ்கின. தப்பியோட முயன்ற சோயா பவளத்திட்டில் ஏறி நின்றுவிட்டது. நகர முடியாத கப்பல் சுலபமான இலக்கு, ஆட்களை இழந்து, கப்பலை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. பிறகு பார்த்தால் கப்பல் திட்டிலிருந்து தானாகவே விடுபட்டு மிதந்துகொண்டிருந்தது.

கூட இருந்த துணைக் கப்பல்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தால்தான் இது எவ்வளவு அரிது என்று புரியும். பழுதுபார்க்கும் கப்பல் ஆகாஷி, ஜெர்மன் இயந்திரங்களோடு மிதக்கும் பட்டறையாகவே கட்டப்பட்டது, 1944 மார்ச் 30ல் பலாவுவில் போயிற்று. உணவுக் கப்பல் இராகோ 1944 செப்டம்பரில் பிலிப்பைன்ஸின் கோரோன் விரிகுடாவில் போயிற்று. மாலுமிகள் இனிப்புக்காகக் காத்திருந்த இன்னொரு உணவுக் கப்பல் மாமியா 1944 டிசம்பரில் நீர்மூழ்கியால் போயிற்று. இவை கடற்படை தேடித்தேடிக் கட்டிய சிறப்புக் கப்பல்கள். எதிரியும் அவற்றைத் தேடினான். சோயா 1945 ஜூனில் சன்ரிகு கரையோரம் போன அணியிலும் நீர்மூழ்கியிடமிருந்து தப்பி, போர் முடியும்வரை மிதந்தது.

போருக்குப் பிறகு: ஆட்கள், விளக்குகள்

தோற்ற நாட்டுக்கு வெளியே லட்சக்கணக்கான ஜப்பானியர்கள் சிக்கிக்கிடந்தார்கள். ஆயுதங்களை அகற்றிவிட்டு, சரக்கறைகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு 1945 முதல் 1948 வரை சோயா ஓடியது. குவாம், ட்ரக், ஷாங்காய், சகாலின், கொரியா என்று பல துறைகள். வீடு திரும்பியவர்கள் சுமார் 19,000 பேர்.

1949 டிசம்பரில் கடல்சார் பாதுகாப்பு முகமைக்கு (இன்றைய கடலோரக் காவல்படை) மாறி, 1950 முதல் கலங்கரை விளக்கங்களுக்குப் பொருள் கொண்டுபோகும் கப்பலானது. எரிபொருள், உணவு, குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடச் சாமான் எல்லாம் கடலோர மூலைகளுக்கு இதில்தான் போயின. 'கடலின் சாண்டா கிளாஸ்' என்று பேர் வந்தது அப்போதுதான். 1953 கடைசியில் அமாமி தீவுகள் அமெரிக்காவிடமிருந்து ஜப்பானுக்குத் திரும்பியபோது, அங்கே மாற்ற வேண்டிய யென் நோட்டுகளைச் சுமந்ததும் இதுவே. இந்த ஆறு வருட வேலையைப் பற்றி உள்ளே இன்னும் விரிவாகச் சொல்லலாம். அண்டார்டிகாவுக்கு இதைத் தேர்ந்தெடுத்ததில், எந்தத் துறையிலும் பொருள் இறக்கிப் பழகிய மாலுமிகளுக்கும் பங்கு உண்டு.

4,800 குதிரைத்திறனில் அண்டார்டிகா

பல நாடுகள் சேர்ந்து பூமியை ஆய்வு செய்த 1957-58 சர்வதேசப் புவிஇயற்பியல் ஆண்டில் பங்கெடுக்க ஜப்பானுக்குப் பனியுடைப்பான் வேண்டும், புதிதாகக் கட்டப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. சோயா 1956 நவம்பர் 8 அன்று டோக்கியோவின் ஹாருமி துறையிலிருந்து கிளம்பி சிங்கப்பூர், கேப்டவுன் வழியாகப் போனது. துணைக்கு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் உமிதாகா மாரு. ஆய்வுக்குழுத் தலைவர் நாகாதா தாகேஷி (பூனைக்கு வைத்தது இவர் பெயர்தான்). 1957 ஜனவரி 29 அன்று அண்டார்டிகாவின் கிழக்கு ஓங்குல் தீவில் ஷோவா என்ற ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது, 11 பேர் குளிர்காலத்துக்குத் தங்கினார்கள்.

திரும்பும்போது பனியில் சிக்கியது. இங்கேதான் என்ஜின் அறையில் பார்த்த எண் வேலைக்கு வருகிறது. பனியுடைப்பான் பனியை வெட்டுவதில்லை. பின்னே போய், முழு வேகத்தில் வந்து, மூக்கைப் பனிமேல் ஏற்றி, தன் எடையால் அழுத்தி உடைக்கும். எடை குறைந்தால் பனி உடையாது, திறன் குறைந்தால் ஏறவே முடியாது. பின்னே போகப் போதிய நீர்வெளி இல்லாவிட்டால் ஓட்டமே கிடைக்காது. சோயாவால் சுமார் 1 மீட்டர் பனியைத்தான் சமாளிக்க முடியும். ஷோவா நிலையம் இருக்கும் லுட்ஸோ-ஹோம் விரிகுடாவில் காற்று பனிக்கட்டிகளைக் கரைப்பக்கம் தள்ளி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடும். காற்று திசை மாறி, பனிக்குள் நீர்ப்பிளவு திறக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பிப்ரவரி 28 அன்று சோவியத் கப்பல் ஓப் வந்து வெளியேற உதவியது. சோவியத்துக்காகப் பிறந்த கப்பலைக் கடைசியில் மீட்டதும் சோவியத் கப்பல்.

இரண்டாவது பயணம் இன்னும் மோசம். 1957 டிசம்பர் கடைசியில் சிக்கி ஒரு மாதத்துக்கு மேல் பனியோடு மிதந்தது, ப்ரொப்பெல்லர் இதழும் உடைந்தது. அமெரிக்காவின் பர்ட்டன் ஐலண்ட் உதவிக்கு வந்தது. அதன் திறன் 12,000 குதிரைத்திறன், சோயாவைப் போல் இரண்டரை மடங்கு. தங்கியிருந்த 11 பேரைச் சிறு விமானத்தில் மீட்டார்கள். அடுத்த குழுவை இறக்க முடியவில்லை. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த கராபுட்டோ (சகாலின்) இன இழுவை நாய்கள் 15 நிலையத்திலேயே விடப்பட்டன. 1959 ஜனவரி 14 அன்று தாரோ, ஜிரோ என்ற இரண்டு மட்டும் உயிரோடு இருந்தன. நாய்களைப் பற்றிப் படித்துவிட்டு இங்கே வருபவர்கள், அவற்றைக் கைவிட வைத்தது மனிதர்களின் கல்நெஞ்சம் என்ற முடிவுக்கு வருமுன் கீழே போய் அந்த இரண்டு என்ஜின்களையும் மறுபடி பார்க்க வேண்டும்.

இதற்குத் தீர்வுதான் பின்பக்கத் தளம். மூன்றாவது பயணத்தில் சிகோர்ஸ்கி எஸ்-58 ஹெலிகாப்டர் இரண்டு வந்தன. பனியை உடைத்து நிலையம்வரை போக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, கப்பலைப் பனி விளிம்பில் நிறுத்தி, ஆட்களையும் பொருளையும் காற்றுவழியே அனுப்பினார்கள். இருக்கும் திறனுக்குள் வேலையை முடிக்கும் அந்த முறை பலித்தது. 1962 வரை மொத்தம் ஆறு பயணங்கள். ஹெலிகாப்டர் தளத்தில் நிற்கும்போது விளிம்பிலிருந்து விளிம்புக்கு நடந்து பாருங்கள். ஆடும் கடலில் அந்த அகலத்தில் எஸ்-58ஐ இறக்கியவர்களின் கைத்திறன் அப்போது தெரியும்.

அடுத்து 1978 அக்டோபர் வரை ஹொக்காய்டோ கடலில் பனிக்காலக் காவல். அந்தக் காலத்தில் காப்பாற்றிய கப்பல்கள் 125, ஆட்கள் 1,000க்கும் மேல். 1979 மே மாதம் அருங்காட்சியகமாகத் திறந்தது.

யாருக்கு ஏற்றது, கூட எதைப் பார்ப்பது

பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நன்றாக இருக்கும். அதற்குக் கீழே என்றால் ஏணிகளில் ஒரு கையால் பிடித்துக்கொண்டே இறக்க வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கரையிலிருந்தே பார்க்கலாம். மேலே சொன்ன மூன்று காலங்களும் அங்கிருந்தே தெரியும். ஜப்பானிய மொழி தெரியாதவர்கள் கைப்பேசியில் படம்பிடித்து மொழிபெயர்க்கும் வசதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எஃகுச் சுவர்களுக்குள் சிக்னல் எப்போதும் நிற்காது.

நன்கொடைப் பெட்டியைக் கடந்து போய்விடாதீர்கள். 1938ன் எஃகு உப்புத்தண்ணீரில் மிதக்கிறது. அவ்வப்போது உலர்துறைக்கு இழுத்துப்போய்த் தகடு மாற்றி வண்ணம் பூசாவிட்டால் நிலைக்காது. ஒரு காப்பி விலையாவது போடுவது நியாயம்.

தொடர்ந்து பார்க்க விரும்புவோர் நகோயா துறைமுகத்துக்குப் போகலாம். சோயாவுக்குப் பின் 1965ல் வேலைக்கு வந்த 12,000 குதிரைத்திறன் ஃபுஜி அங்கே இருக்கிறது. இரண்டையும் பார்த்தால் ஒன்பது ஆண்டுகளில் ஜப்பான் என்ன கற்றுக்கொண்டது என்பது கண்ணெதிரே தெரியும். தாரோவும் ஜிரோவும் சோயாவில் இல்லை, பலர் இங்கே தேடுகிறார்கள். தாரோவின் பதப்படுத்திய உடல் சப்போரோவில் ஹொக்காய்டோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் தோட்டத்தில் இருக்கிறது. ஜிரோ டோக்கியோவிலேயே, உவேனோவில் உள்ள தேசிய அறிவியல் அருங்காட்சியகத்தில். காலையில் கப்பல், மதியம் உவேனோ என்று ஒரே நாளில் முடிக்கலாம். உவேனோவுக்கும் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்.